வட்ட மேடைக்கு ஒரு விரதம்

வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் நின்று, குடிமக்கள் சார்பில் இரண்டோடும் பேசுகிற உரிமை இந்த நாட்டில் ஒரே ஒரு வம்சத்துக்குத்தான் இருந்தது. அந்த வம்சத்தின் வாரிசு ஒருவர் எங்கள் தெருவில் குடியிருக்கிறார். வானம் இப்போதும் அவரோடு பேசுவதுண்டு. மழைக்காலத்தில், படுக்கையறைக் கூரை வழியாக.

பெயர் வின் லாம். நில அளவை அலுவலகத்தில் வரைபடங்களுக்கு வண்ணம் பூசி ஓய்வு பெற்றவர். ஆனால் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பழைய தலைநகரான எங்கள் ஹுவேயில் அரச வம்சத்து ஆள் என்றால் ஆணோ பெண்ணோ 'மே' என்பதுதான் மரியாதை. மற்ற வீடுகளில் அதே சொல்லுக்குப் பாட்டி என்று பொருள். முடியாட்சி போய் மூன்று தலைமுறை ஆகிவிட்டது. மீசை வைத்த ஒரு மனிதரை ஊர் இன்னும் பாட்டி என்று கூப்பிடுகிறது, அவரும் தலையைச் சற்றே தாழ்த்தி அதை ஏற்றுக்கொள்கிறார்.

மேக்கு ஒரே மகள், உயென். முழுப் பெயர் ஆறு சொல் நீளம். கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர் கேட்டால் தாளைக் குறுக்காகத் திருப்ப வேண்டியிருக்கும். தா நாங் நகரத்தில் வேலை பார்க்கும்போது அங்கே ஒரு வடக்கத்திப் பையனைப் பிடித்துப்போனது. பையனின் அப்பா கியெம், ஹாய் ஃபோங் துறைமுகத்தில் லாரி டயர் வியாபாரம். மகனைக் கூட்டிக்கொண்டு, சிவப்புத் துணி மூடிய தட்டில் வெற்றிலை பாக்கோடு, ஒரு நாள் முழுக்க ரயிலில் உட்கார்ந்து பெண் கேட்க வந்தார். உடம்பு பெரிது, குரல் அதைவிடப் பெரிது, மனசில் பட்டது வாயில் வந்துவிடும்.

வந்த அன்றே கேட்டுவிட்டார்.

"சம்பந்தி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? ஊரே ஏன் உங்களப் பாட்டின்னு கூப்பிடுது?"

பையன் காலால் அப்பாவின் காலை மிதித்தான். உயென் சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். மே சிரிக்கவில்லை. வம்சத்தின் கதையை முதல் அரசரிலிருந்து தொடங்கினார். கியெம் பாதியில் கொட்டாவியை அடக்கினார் என்பது மேயின் கண்ணில் பட்டுவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பெண்ணைத் தருகிறேன் என்றோ இல்லை என்றோ மே சொல்லவில்லை. அப்படிப்பட்ட பதிலை வீட்டுக் கூடத்தில் வைத்துச் சொல்ல முடியாதாம். அரசர்கள் வானத்துக்குப் பலி கொடுத்த நாம்யாவ் மேடையில், மூன்றாம் தட்டில், வட்ட மேடையில் நின்றுதான் சொல்வாராம். கொள்ளுத் தாத்தா அங்கே அரசருக்குப் பட்டுத் துண்டு நீட்டியவர். ஆனால் அந்தத் தட்டில் கால் வைக்கிறவன் மூன்று நாள் விரதம் இருந்தாக வேண்டும். அரசரே விரத மாளிகையில் இருந்திருக்கிறார். ஆகவே இரண்டு சம்பந்திகளும் மூன்று நாள் இறைச்சி, மீன், மது தொடக்கூடாது. பௌர்ணமி விடியலில் மேடை ஏற வேண்டும். நல்ல வாக்கு அங்கே கிடைக்கும்.

கடைசி அரசர்கள் அந்த மூன்று நாளை ஒரு ராத்திரியாகச் சுருக்கிக்கொண்டதை மே சொல்லவில்லை. கியெமுக்கு அது தெரியவும் தெரியாது. மூன்று நாள் பட்டினி கிடந்தால் பையனுக்குக் கல்யாணம் ஆகுமா, சரி என்று தொடையில் தட்டி ஒத்துக்கொண்டார்.

அரசர் விரதம் இருக்கும்போது எதிரில் ஒரு செப்புப் பதுமையை வைப்பார்கள். 'விரதம்' என்று எழுதிய பலகையை அது ஏந்தி நிற்கும், மறதி வராமல் இருக்க. மேயும் சாப்பாட்டு மேசையில் ஒன்று வைத்தார். அது பரிசுப் பொருள் கடையில் வாங்கிய, தூண்டில் போடும் கிழவர் பொம்மை. தூண்டிலைப் பிடுங்கிவிட்டு அந்தக் கையில் ஓர் அட்டையைச் செருகியிருந்தார். கிழவர் மீனுக்குக் காத்திருக்கும் அதே ஆவலோடு விருந்தாளிகளின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேயின் மனைவி சென் அக்கா சந்தைக்காரக் குடும்பத்துப் பெண். சைவச் சமையலில் கெட்டிக்காரி. எங்கள் ஊரில் சைவம் என்றால் கீரையும் கஞ்சியும் அல்ல. வாழைப்பூவில் மீன் வரும், சோயாத் தோலைச் சுருட்டினால் கோழி வரும், காளானை முறுக்கினால் மாடு வரும். முதல் நாள் கியெம் தட்டைக் காலி செய்துவிட்டு, "அக்கா, கோழி பிரமாதம். விரதம்னு பயந்தே போயிட்டேன்" என்றார்.

மே சிரித்த சிரிப்பு எங்கள் வீடுவரை கேட்டது. டயரையே முகர்ந்து பழகிய மூக்குக்குச் சோயாவும் கோழியும் ஒன்றாகத்தான் தெரியும் என்றார். அரண்மனை நாக்கு அப்படி இல்லை. இறால் ஆற்றில் பிடித்ததா, காயலில் பிடித்ததா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் என்றார். மறுநாளும் அதையே சொன்னார். கோழி பிரமாதம் என்பதை வடக்கத்தி உச்சரிப்பில் சொல்லிக் காட்டினார். கியெம் நல்ல மனசோடு சிரித்துவைத்தார். மூன்றாம் தடவைக்குப் பிறகு சிரிக்கவில்லை, தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். உயென் அப்பாவிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தாள், போதும் என்று. அரச நகைச்சுவை வடக்கே புரியாது என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள், பதினான்காம் பிறை. அன்று மதியம் மேயின் மனசு கணக்குப் போட்டது. நாளை விடிந்தால் மேடை, விரதம் முடிகிறது. ஆனால் நாளை பௌர்ணமி. பௌர்ணமியன்று இந்த ஊரில் ஒருத்தன் மாட்டில் கத்தி வைக்க மாட்டான். ஆகவே இன்று விட்டால் நாளை மறுநாள்தான். மூன்று நாள் விரதம் நான்கு நாளாவதை எந்த அரசரும் பொறுத்திருக்க மாட்டார்.

தையற்காரரிடமிருந்து அங்கியை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். அது உண்மைதான். அகலக் கை வைத்த நீலப் பட்டு அங்கி, மேடைக்கென்றே எடுத்தது. இடுப்பில் கொஞ்சம் தளர்த்தக் கொடுத்திருந்தார். தையற்காரர் கடை இருப்பது அரசத் துறைச் சந்தையில். பலிக்குப் போகும் அரசர் படகிலிருந்து இறங்கிய துறை அது. இப்போது அங்கே கானாங்கெளுத்தி இறங்குகிறது. அங்கியை மடித்துப் பையில் கொண்டுபோகலாம். மே அணிந்துகொண்டே சந்தைக்குள் நடந்தார். மீன்காரிகள் வழி விட்டார்கள், பட்டில் செதில் படக்கூடாதே என்று.

சந்தை மூலையில் லூ அக்காவின் பூன் போ கடை. எலுமிச்சைப் புல் மணக்கும் காரக் குழம்பில் நூடுல்ஸும் மாட்டிறைச்சியும். எங்கள் ஊரின் அசல் சாப்பாடு. மே முன் பலகையில் உட்காரவில்லை. பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால், கரி மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எலும்போட ஒரு கிண்ணம், லூ."

"மே, இன்னிக்கு வந்து..."

"இன்னிக்கு என்ன நாள்னு எனக்குத் தெரியும். அரண்மனைப் பஞ்சாங்கமே எங்க வீட்டுலதான் இருக்கு. நீ போடு. பேசாம போடு."

லூ அக்கா பேசாமல் போட்டாள். புருஷன் போன பிறகு அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டு மணிமாலை உருட்டுவதை அதிகமாக்கியிருந்தாள். மே முதல் வாயில் கண் கலங்கினார். காரம் பாதி, நன்றி பாதி. இதற்குப் பெயர்தான் மாடு என்றார். வீட்டுக்காரியும் பண்ணுகிறாளே, காளானை முறுக்கி, நாக்கு ஏமாறுமா என்றார். லூ அக்கா மாலையை உருட்டினாள். மே இன்னொரு கிண்ணம் கேட்டார். எலும்பைக் கையில் எடுத்து, அரண்மனையில் எப்படி உறிஞ்சுவார்களோ அப்படி உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, திரைக்கு வெளியே ஒரு பெரிய குரல் தன்னைச் சின்னதாக்கிக்கொள்ளப் பாடுபட்டது.

"அக்கா, ஒரு கிண்ணம். சீக்கிரமா. யாராவது பாத்துடப் போறாங்க."

கியெம்.

அந்த நேரத்தில் மே செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். திரையை விலக்கி, வாங்க சம்பந்தி என்று பக்கத்தில் இடம் காட்டியிருந்தால் போதும். ஒரே பலகையில் இரண்டு திருடர்கள். கல்யாணம் அங்கேயே நிச்சயமாகியிருக்கும். ஆனால் மூன்று நாளாக அந்த மனிதரை நக்கல் செய்த வாயில் இப்போது எலும்பு இருந்தது. அதை அவர் பார்ப்பதா? மே எலும்பை அங்கியின் உள்பையில் திணித்தார், கை மடிப்பில் வாயைத் துடைத்தார், பின்பக்கமாக வெளியேறி, மீன் வரிசையைச் சுற்றிக்கொண்டு, முன்பக்கம் வந்து கியெமின் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"சம்பந்தி. உங்களத் தேடித்தான் வந்தேன்."

அவர் சொன்ன பொய் அவ்வளவுதான். மீதியைப் பொய்யே பார்த்துக்கொண்டது. கியெம் வாயிலிருந்த நூடுல்ஸை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எழுந்தார். காது மடல்வரை சிவந்துவிட்டது. இரண்டு வாய்தான் சாப்பிட்டிருந்தார். கிண்ணம் அப்படியே ஆவி விட்டுக்கொண்டிருந்தது. லூ அக்கா மேயைப் பார்த்தாள். மே மேற்கூரையைப் பார்த்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் கியெம் ஒரு அடி பின்னாலேயே வந்தார். அந்தப் பெரிய குரல் ஒருமுறைகூட வரவில்லை. பாதி வழியில் மேக்கு, இத்தோடு விட்டுவிடலாம், வீட்டில் எதுவும் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் வாசலில் சென் அக்கா, இரண்டு பேரும் எங்கே போய்ச் சேர்ந்து வருகிறீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். மே ஒரு பெருமூச்சு விட்டார். அரசர் குலத்துப் பெருமூச்சு. அதிலேயே முக்கால்வாசி விஷயம் இருந்தது. மீதியைக் கியெமே சொல்லிவிட்டார், தன் மகன் காதுபட, தலையைக் குனிந்துகொண்டு.

"நான்தான் போனேன். வாயக் கட்ட முடியல. நாளைக்கு நான் மேல ஏறல, கீழத் தட்டுல நின்னுக்கறேன். இந்தக் குடும்பம் ஆகாதுன்னு நீங்க நெனச்சா மத்தியான ரயில்ல போயிடறோம். ஆனா பையன் நல்லவன், மே. அவன் வாய் என் வாய் மாதிரி கெடயாது."

சம்பந்தி என்று சொல்லவில்லை. முதல் தடவையாக மே என்றார், மரியாதையோடு. அந்தச் சொல் மேயின் நெஞ்சில் எங்கோ இடறியது. யாரையும் பார்க்காமல் உள்ளே திரும்பினார்.

உயென் மட்டும் அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உங்க உதட்டுல என்ன செவப்பா இருக்கு?" என்று கேட்டாள்.

"வெத்தல போட்டேன்."

"நீங்க வெத்தல போட மாட்டீங்களே."

மே உதட்டைத் துடைத்துக்கொண்டார். அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்காதது அவருக்கு அதிகம் வலித்தது. சாப்பாட்டு நேரத்தில் தூண்டில்கிழவர் தன்னையே பார்ப்பதுபோல் இருக்கவே, பொம்மையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். கியெம் கஞ்சி மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார். பையன் அதையும் குடிக்கவில்லை.

பௌர்ணமி விடியல். நாம்யாவ் மேடையின் கீழ்த் தட்டு சதுரம், அடுத்ததும் சதுரம், உச்சியில் வானத்துக்கான வட்டம். கீழ்த் தட்டில் எங்கள் தெருப் பெண்கள் நாங்கள் வழக்கம்போல் ஒலிபெருக்கி வைத்து உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தோம். எங்களுக்குப் பக்கத்தில், பைன் மரத்தடியில், கியெம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கட்டி நின்றார். மகனை நடுத்தட்டுக்கு அனுப்பிவிட்டார். எங்கள் ஒலிபெருக்கி ஒன்று, இரண்டு என்று கத்தியபோதெல்லாம் அவர் கண் சிமிட்டினார். தண்டனை என்றால் இதெல்லாம் சேர்ந்ததுதான் என்று எடுத்துக்கொண்டாற்போல் இருந்தது.

வட்ட மேடையில் நீல அங்கியோடு மே. சென் அக்காவும் உயெனும் பழத்தட்டோடு ஓரமாக நின்றார்கள். சடங்கைக் கூவிச் சொல்வதற்கு மேயின் பங்காளி ஒருவர்; ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். "பணிக!" என்று அவர் கூவியது, அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறவர்கள் முன்னால் வரவும் என்பதுபோல் ஒலித்தது.

மே பணிந்தார். விலாவில் ஏதோ சுருக்கென்றது.

எழுந்தார். மறுபடி பணிந்தார். இப்போது இரண்டு இடத்தில். மனசாட்சி உறுத்தும் என்று அவர் அறிவார். ஆனால் அது அங்கிக்குள் வரிசையாக நடந்து, அக்குள்வரை ஏறி, அங்கங்கே நின்று உறுத்தும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. வானத்தின் முன் நிற்பவன் சொறியக்கூடாது. மே பல்லைக் கடித்துக்கொண்டார். முகம் வெளிறி, கறுத்து, சிவந்தது. வானம் தன்னைக் கண்டுகொண்டது என்று அவர் நிஜமாகவே நம்பினார். குடும்பத்தில் இத்தனை தலைமுறைக்குப் பிறகு வானம் நேரடியாகப் பேசுவது இதுவே முதல் தடவை. பேசுவது இதைப் பற்றி.

"பணிக!" என்றார் கண்டக்டர்.

மே பணியவில்லை. குதித்தார். அங்கியின் பொத்தான்களைப் பிய்த்தார், உதறினார், ஒற்றைக் காலில் சுழன்றார். எங்களில் பாதிப் பேர் அது அரசர் காலத்து நடனம் என்று நினைத்தோம். மாரடைப்பு என்று நினைத்தவர் கியெம் ஒருவர்தான். அந்தப் பெரிய உடம்போடு படியில் ஓடி ஏறினார், நடுத்தட்டையும் தாண்டினார். வட்ட மேடையின் முதல் படியில் கால் வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மே, நான் மேல வரலாமா?"

தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

மே ஆடுவதை நிறுத்தினார். கடி நிற்கவில்லை, ஆனால் நிறுத்தினார். பிரித்த அங்கியோடு, வெறுங்காலோடு, அவரே படியிறங்கிக் கியெமிடம் வந்தார். உள்பையிலிருந்து எறும்பு மொய்த்த அந்த எலும்புத் துண்டை எடுத்து நீட்டினார்.

"முன்னோர்கள் சாட்சியாக, இந்த வம்சத்தின் பெயரால் யாம்..." என்று தொடங்கினார்.

"அப்பா," என்றாள் உயென் மேலிருந்து. "சாதாரணமா சொல்லுங்க."

எங்கள் ஒலிபெருக்கியை யாரோ அணைத்தார்கள், காதில் விழட்டும் என்று.

"உங்களுக்கு முன்னாடியே நான் திரைக்குப் பின்னால உக்காந்து சாப்பிட்டுட்டிருந்தேன். ரெண்டு கிண்ணம். நீங்க வந்ததும் எலும்ப ஒளிச்சு வெச்சுட்டு, உங்களத் திருடனாக்கிட்டேன். உங்க பையன் முன்னாடி. அவ்வளவுதான்." பிறகு, கேட்டும் கேட்காததுமாக, "நீங்க மேல போங்க. நான் கீழ நிக்கறேன்" என்றார்.

கியெம் அந்த எலும்பையும் மேயையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் அடிப்பார் என்றுகூட எங்களில் சிலருக்குத் தோன்றியது. தோளில் ஊர்ந்த எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டே மே காத்திருந்தார், அடி விழுந்தால் நல்லது என்பதுபோல.

"அப்ப பசங்க கல்யாணம்?"

"வெச்சுக்குங்க. உங்க ஊர்லயே வெச்சுக்குங்க. நான் வந்து கடைசி வரிசையில உக்காந்துக்கறேன்."

அதற்குள் சென் அக்கா இறங்கி வந்தாள். புருஷன் கையிலிருந்த துண்டை வாங்கி, எறும்புகளை ஊதிவிட்டு, முகர்ந்தாள். நகத்தால் ஓரத்தைக் கீறினாள். அவள் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை; பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பதினாலாம் பிறையில லூ மாடு போடறதில்லீங்க. பௌர்ணமி மட்டும் பத்தாதுன்னு, புருஷன் போனதுலேந்து முந்தின நாளும் அவளுக்கு விரதம். கடையிலயும் அப்பிடித்தான். சந்தைக்கே தெரியுமே."

பையன் அப்பாவைப் பார்த்தான். கியெம் மெல்ல, தன்னிடமே சொல்லிக்கொள்வதுபோல், "அதான் குழம்பு கொஞ்சம் தித்திச்சுது" என்றார்.

ஆக, இரண்டு பேர் விரதமும் கலையவில்லை. இரண்டு பேருமே வட்ட மேடையில் ஏறலாம். கியெம் ஏறினார், மகனையும் உயெனையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு. கண்டக்டர் அவர்களுக்காக முதலிலிருந்து கூவினார். மே ஏறவில்லை. பைன் மரத்தடியில், கியெமின் செருப்புக்குப் பக்கத்தில், எங்களுக்கு முகம் காட்டாமல் நின்றார்.

அவர் உறிஞ்சிய எலும்பு கரும்பு.